நீலமாகாத அட்டை

அத்தியாயம் – 17

செவ்வாய்க்கிழமை காலையில் ஷாமினி ஆய்வகத்துக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்த யாரும் 'குட் மார்னிங்' சொல்லத் துணியவில்லை.

இருக்காதா பின்னே? ஞாயிற்றுக்கிழமை லிங்கித் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த கூத்து அப்படி. அவள் வீட்டு மானம் கப்பலேறியது. கப்பலேற்றியவளும் அவளேதான்.

ஷாமினிக்கு நீலாய் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. தட்டில் வளர்க்கும் உயிரணுக்களில் பூச்சி மருந்தை விட்டால் என்ன ஆகிறது, வேப்பிலைச் சாற்றையோ கொய்யா இலைச் சாற்றையோ விட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. நம் உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. நரம்பு தசையைப் பார்த்து 'அசை' என்று சொன்னதும், அந்தச் செய்தியைத் துடைத்துப் 'போதும்' என்று நிறுத்துவது அதன் வேலை. சில பூச்சி மருந்துகள் அந்த நொதியின் கையைக் கட்டிப் போட்டுவிடும். நிறுத்த ஆளில்லாமல் பூச்சி துடித்துச் சாகும். மனிதனுக்கும் அதே நொதிதான் என்பது, மருந்து அடிக்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

இதைத்தான் மண்டபத்தில் பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கையில் சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பொட்டு, ஒரு சிவப்புப் பொட்டு. காய்கறி கழுவிய தண்ணீரை வெள்ளைப் பொட்டில் விட்டுக் கொஞ்சம் பொறுத்து, இரண்டு பொட்டும் ஒட்டும்படி அட்டையை மடித்து விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பொட்டில் பூசியிருக்கும் நொதி நன்றாக இருந்தால் வெள்ளை நீலமாகும். மருந்து பட்டு முடங்கியிருந்தால் வெள்ளையாகவே கிடக்கும்.

வெண்டைக்காய் நீலமானது. கத்தரிக்காய் நீலமானது. கடைசியாக, பெருமை தாங்காமல், அண்ணி மோகனாவின் கறிவேப்பிலையை எடுத்தாள். "மருந்தே படாத இலை. இப்பப் பாருங்க, எப்படி நீலமாவுதுன்னு!"

ஆகவில்லை.

தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கறிவேப்பிலை போட்டு, 'மருந்து அடிக்காத இலை' என்று ராசா டவுன் வரைக்கும் பேர் வாங்கியிருந்தவள் மோகனா. தாயில்லாத ஷாமினிக்குத் தலைவாரி விட்டு, சோறூட்டி, படிக்க அனுப்பியவளும் அவள்தான். அத்தனை பேர் முன்னால் அந்த அண்ணி எழுந்து நின்று, "ஆமா, நான்தான் அடிச்சேன். மன்னிச்சிருங்க" என்று கைகூப்பினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஷாமினி விடவில்லை.

"இந்தக் கையால சோறு வாங்கித் தின்னேன்னு நெனச்சாலே அசிங்கமா இருக்கு" என்றாள்.

யாரோ ஒரு புண்ணியவதி அதைக் கைப்பேசியில் படமெடுத்துத் தோட்டத்து மகளிர் குழுவில் போட்டுவிட்டாள். இரண்டு நாளாக அது ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்றும் ஷாமினியின் கோபம் ஆறவில்லை. எந்த மருந்து என்று கண்டுபிடித்தே தீருவது என்று வந்திருந்தாள். மண்டபத்தில் பிழிந்த இலைச்சாற்றில் மிச்சம் ஒரு குழாயில் இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

"ஒப்பிட்டுப் பார்க்க மருந்து படாத இலை வேணுமே?" என்றாள் ஃபஸீஹா. ஷாமினியோடு அதே ஆய்வகத்தில் வேலை செய்பவள், ராசா பெண். அவளுடைய அம்மா ஹசீனா பேகத்தின் சாப்பாட்டுக் கடைக்குத்தான் மோகனாவின் இலை வாராவாரம் போய்க்கொண்டிருந்தது.

"கொண்டு வந்திருக்கேன். என் பிளாட்டுல தொட்டியில வளர்றது. தண்ணியைத் தவிர ஒண்ணும் கண்டதில்ல."

தொட்டி இலையையும் பிழிந்து, இரண்டையும் இரண்டு அட்டைகளில் விட்டாள். நேரம் ஆனதும் மடித்து, ஆளுக்கொன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணியின் இலை வெள்ளை. அது தெரிந்ததுதான்.

தொட்டி இலையும் வெள்ளை.

"என்னடி, தொட்டிக்கும் மருந்து அடிச்சியா?" என்றாள் ஃபஸீஹா.

"பைத்தியமா உனக்கு? நானே வச்சு நானே தண்ணி ஊத்துற செடி."

"சரி, நீ என்ன செஞ்சேன்னு மறுபடி செஞ்சு காட்டு. முதல்லருந்து."

ஷாமினி தொட்டிக் கொத்திலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்தாள். ஒரே இழுப்பில் இலைகளை உருவினாள். உள்ளங்கையில் வைத்து மறு கையால் நன்றாகக் கசக்கினாள். பிறகு தண்ணீரில் போடப் போனவள், ஃபஸீஹா தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றாள்.

"வெண்டைக்காயையும் இப்படித்தான் கசக்குனியா?"

"இல்ல. முழுசா கழுவி அந்தத் தண்ணியை…"

சொல்லிக்கொண்டே வந்தவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ரசத்துக்குப் போடுற மாதிரி கசக்குறியே லா" என்றாள் ஃபஸீஹா மெதுவாக. "கழுவுன தண்ணி வேற, இலைச்சாறு வேற இல்லையா?"

கறிவேப்பிலையைக் கசக்காமல் போட ஷாமினிக்குத் தெரியாது. அடுப்பு எட்டாத வயதில் அண்ணிக்குப் பக்கத்தில் நின்று பழகிய கை அது. 'கசக்கிப் போடு ஷாமி, அப்பத்தான் வாசம் வரும்' என்று மோகனா சொல்லிச் சொல்லி, கறிவேப்பிலை கையில் பட்டாலே கை தானாகக் கசக்கும். மேடையில் நிற்கிறோமா, அடுப்பங்கரையில் நிற்கிறோமா என்று கைக்கு என்ன கவலை?

கசக்கினால் இலைக்குள் இருப்பதெல்லாம் வெளியே வரும். கறிவேப்பிலைக்குள்ளேயே அந்த நொதியைக் கொஞ்சம் முடக்கிப் போடுகிற சரக்கு உண்டு. குழம்பில் போட்டுத் தின்கிற மனிதரை அது ஒன்றும் செய்யாது. ஆனால் அட்டையில் பொட்டு அளவுக்கு ஒட்டிக் கிடக்கும் நொதிக்கு அதுவே அதிகம். மருந்தும் நொதியை முடக்கும், சில இலைச் சாறுகளும் முடக்கும் என்பதைத் தினம் தினம் தட்டில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள். வேறு யார் மறந்திருந்தாலும் மன்னிக்கலாம்.

தொட்டி இலையை முழுசாகத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை இன்னோர் அட்டையில் விட்டாள். நேரம் பார்த்து மடித்துப் பிடித்து, பிரித்தாள்.

நீலம். பளிச்சென்ற நீலம்.

ஷாமினிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணி கைகூப்பி நின்றது கண் முன்னால் வந்தது. தான் சொன்ன வார்த்தை தன் குரலிலேயே காதில் கேட்டது. ஆய்வகத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை, ஏசவில்லை. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக்கடியில் போய்விட மாட்டோமா என்று கூனிக் குறுகிப் போனாள்.

"ஷாமினி, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ஃபஸீஹா. "உன் தொட்டி இலைதான் இப்ப சுத்தம்னு ஆச்சு. அண்ணி தோட்டத்து இலை எப்படின்னு இன்னும் நமக்குத் தெரியாது. அவங்க அடிச்சேன்னு ஒத்துக்கிட்டாங்களே?"

"அண்ணி அடிச்சிருக்க மாட்டாங்க."

"அடிக்காதவங்க எதுக்கு ஒத்துக்கணும்?"

ஷாமினி எழுந்தாள். மிச்சமிருந்த அட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

*

முதலில் ராசாவுக்குத்தான் போனாள். அண்ணியை எதிர்கொள்ள உடனே தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஹசீனா பேகத்திடம் சொல்லி இலை வாங்குவதைத் திரும்ப ஆரம்பிக்கச் செய்துவிட்டால், வெறும் கையோடு போய் நிற்க வேண்டாம் என்று ஒரு சின்னக் கணக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம். ஹசீனா பேகம் கல்லாவில் உட்கார்ந்து ஒரு கண்ணால் மீன் குழம்புச் சட்டியையும் மறு கண்ணால் வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாமினி கிட்டே போய்க் குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கே!" என்றார் ஹசீனா பேகம். "திட்டுனது ஊரு முன்னால. தப்புன்னு சொல்றது என் காதுக்குள்ளயா?"

ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க அண்ணி இன்னிக்குக் காலையில பஸ் ஏறி வந்துட்டுப் போச்சு, தெரியுமா உனக்கு?"

"இங்கயா?"

"இங்கதான், நீ நிக்கிற இடத்துலதான் நின்னுச்சு. 'இத்தனை வருஷம் நம்பி வாங்குனீங்க, நான் மோசம் பண்ணிட்டேன், இனி இலை வராது'ன்னு சொல்லிச்சு. பாலில்லாம தே ஓ போட்டுக் குடுத்தேன், ஒரு வாய் குடிக்கல. போறப்ப ஒண்ணு சொல்லிச்சு பாரு, அதுதான் எனக்குப் புரியல."

"என்ன சொன்னாங்க ஆன்ட்டி?"

"'யாரு கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரு பேரு மட்டும் இதுல வரக்கூடாது'ன்னுச்சு. அவரு பேரை இங்க யாரு எடுத்தா? யாரும் எடுக்கல."

அண்ணன் வசந்தனின் பேர் இதில் எப்படி வரும்? ஷாமினிக்கும் விளங்கவில்லை. தோட்டத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்குப் புழு மருந்து செலுத்தும் கூட்டத்தை மேற்பார்வை பார்க்கும் மண்டோராக அண்ணன் இருந்தவன். கொஞ்ச நாளைக்கு முன்னால் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, அளவு குறைந்திருக்கிறது என்று மருந்து வேலையிலிருந்து நிறுத்தி, தோட்டத்து வாசலில் ஜாகா என்னும் காவல் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். வருகிற போகிற லாரிக்குக் கம்பைத் தூக்கி இறக்குவது. அதிலிருந்து அண்ணன் அதிகம் பேசுவதில்லை என்று அண்ணி ஒருமுறை சொன்னாள். 'ரெஸ்ட் எடுக்கட்டும் அண்ணி, நல்லதுதானே' என்று சொல்லி ஷாமினி போனை வைத்துவிட்டாள்.

இரத்தத்தில் எது குறைந்திருந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவள் நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கும் அதே நொதிதான். அண்ணனுக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது, தலைவலி இருக்கிறதா, தூங்குகிறானா என்று ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. இன்றைக்கு வெட்கப்படுவதற்கு ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தாளே!

"யோசிச்சது போதும்" என்றார் ஹசீனா பேகம். "அந்த வீடியோ எந்த குரூப்ல வந்துச்சோ, அதே குரூப்ல பேசு. இங்க நின்னே பேசு. நானும் கேக்கறேன்."

"இத்தனை பேர் சாப்பிடறாங்க ஆன்ட்டி…"

"உங்க அண்ணி அன்னிக்கு எத்தனை பேர் முன்னால நின்னுச்சு?"

ஷாமினி கைப்பேசியை எடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். முகமெல்லாம் எரிந்தது.

"நான் ஷாமினி பேசறேன். ஞாயித்துக்கிழமை நான் பண்ணுன டெஸ்ட் தப்பு. இலையைக் கசக்கக் கூடாது, நான் கசக்கிட்டேன். அதனாலதான் அட்டை நீலமாகல. அதை வச்சு இலையில மருந்து இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. எங்க அண்ணி மேல தப்பு இல்ல. அவங்களைப் பாத்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தைக்குத்தான் நான் வெட்கப்படறேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும். அவங்க மன்னிப்பாங்களான்னு எனக்குத் தெரியல."

அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"இப்பப் போ" என்றார் ஹசீனா பேகம். குரல் இளகியிருந்தது. "போயி அதுகிட்ட நேர்ல சொல்லு. இலை வாங்கறதா இல்லையாங்கறது எனக்கும் மோகனாவுக்கும் உள்ளது, நீ அதுக்குள்ள வராதே."

*

லிங்கித் தோட்டத்து வாசலில் கம்பு தூக்கியே இருந்தது. காவல் கூண்டில் அண்ணன் இல்லை. மனசு எங்கேயோ இருந்ததால் ஷாமினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுப் பின்பக்கம் போனவள் திகைத்து நின்றுவிட்டாள். முன்வரிசைக் கறிவேப்பிலைச் செடிகளில் பாதி தரையில் கிடந்தன. மோகனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாராங் கத்தியால் அடுத்த செடியை அடியோடு வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட இலைகளின் வாசம் மூக்கைத் துளைத்தது.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

மோகனா நிமிரவில்லை. "யாரும் வாங்காத இலை எதுக்கு நிக்கணும்? வாழை வைக்கலாம்னு இருக்கேன். சாப்பிட்டியா?"

சாப்பிட்டியாவாம். இரண்டு நாளைக்கு முன்னால் அந்தக் கையைத்தான் ஊர் பார்க்க அசிங்கம் என்று சொன்னாள்.  ஷாமினி ஓடிப்போய் அந்தக் கையைக் கத்தியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, தப்பு என்மேல. நான் இலையைக் கசக்கிட்டேன். நீங்க பழக்கிவிட்ட மாதிரியே கசக்கிட்டேன். என் தொட்டி இலையைக் கசக்குனாலும் அட்டை வெள்ளையாத்தான் இருக்கு. குரூப்ல சொல்லிட்டேன். ஹசீனா ஆன்ட்டி கடையில எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். நான் அன்னிக்குச் சொன்ன வார்த்தை…"

"விடு ஷாமி. போன் உள்ள கிடக்கு, நான் ஒண்ணையும் பாக்கறதில்ல."

"ரெண்டு அறை விடுங்க அண்ணி. இப்படிப் பேசாம இருக்காதீங்க."

"உன்னை எப்ப அறைஞ்சிருக்கேன், இப்ப அறைய?" மோகனா கையை விடுவித்துக்கொண்டாள். "நீ கண்டது சரிதான். அட்டை பொய் சொல்லாது. நான்தான் ஒத்துக்கிட்டேன்ல?"

"நீங்க அடிக்கல அண்ணி."

"அடிச்சேன்."

"என்ன மருந்து அடிச்சீங்க? பேர் சொல்லுங்க."

மோகனா அடுத்த செடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷாமினி வெட்டாத செடியிலிருந்து ஒரு கொத்தை ஒடித்தாள். இந்த முறை கையை அடக்கிக்கொண்டு, முழு இலையாகவே வாளித் தண்ணீரில் அலசினாள். அட்டையில் விட்டாள். இரண்டு பேரும் வாளியைப் பார்த்தபடி நின்றார்கள். நேரம் வந்ததும் அட்டையை மடித்து அண்ணியிடம் நீட்டினாள்.

"நீங்க பிடிங்க. விரல் சூடு படணும்."

மோகனா இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். பிறகு தானே பிரித்துப் பார்த்தாள்.

நீலம்.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல! இது அண்ணன் மரத்துக்குச் செலுத்துற ஜாதி மருந்தையெல்லாம் பிடிக்கிற அட்டை. கொஞ்சம் இருந்தாலும் காட்டியிருக்கும்." ஷாமினி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

மோகனா சந்தோஷப்படவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. அட்டையைப் பிடித்தபடியே, வெட்டிப்போட்ட கிளைகள்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அவரு அடிக்கலையா?"

வாய் தவறி வந்த கேள்வி. திரும்ப விழுங்க முடியாது. ஷாமினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணனா? அண்ணன் எதுக்கு அண்ணி இதுக்கு மருந்து அடிக்கணும்?"

மோகனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். சனிக்கிழமை மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் மண்வெட்டி தேடப் போனாளாம். உர மூட்டைக்குப் பின்னால் அவருடைய பழைய மண்டோர் சட்டை சுருட்டிக் கிடந்ததாம். எடுத்து உதறினால் உள்ளே ஒரு போத்தல்.

"தோட்டத்து மருந்து. வாசம் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் அவரு சட்டையைத் துவைச்சிருக்கேன். அந்த வேலைக்குப் போகாத மனுசன் எதுக்கு இதை ஒளிச்சு வச்சிருக்காருன்னு யோசிச்சேன். செடியில புழு விழுந்திருந்துச்சு, திடீர்னு காணல. சரி, இவருதான் எனக்குத் தெரியாம அடிக்கிறாரு, கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அவர்கிட்ட கேக்கலையா?"

"எப்படிக் கேக்கறது? வேலையை எடுத்ததுலருந்து அவரு தலையைத் தூக்கியே நடக்கறதில்ல. பேசாம எடுத்துட்டுப் போயி, ரெண்டு ஆள் ஆழத்துக் குப்பைக் குழியில போட்டு மண்ணைத் தள்ளிட்டேன். மறுநாள் நீ மண்டபத்துல அட்டையைக் காட்டுன. இன்னும் கொஞ்சம் போனா 'வீட்டுல மருந்துக்காரரு யாரு'ன்னு கேப்பாங்க. அந்த மனுசன் ஒருதரம் தலைகுனிஞ்சது பத்தாதா? அதான் நானே எழுந்து சொல்லிட்டேன்."

ஷாமினி அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்குத்தான் இப்ப வெக்கமா இருக்கு ஷாமி" என்றாள் மோகனா. "கட்டுன புருசன்மேல இல்லாத பழியை மனசுக்குள்ள போட்டு வச்சுக்கிட்டு, அவருக்குச் சோறு போட்டிருக்கேன்."

மோட்டார் சத்தம் கேட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமே வந்து நின்றது. காவல் சட்டையோடு வசந்தன் இறங்கினான். இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கடைசியாக எப்போது அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தோம் என்று ஷாமினியால் நினைவுபடுத்த முடியவில்லை.

"உன்னைத் தேடித்தான் கோயில் வரைக்கும் போயிட்டு வரேன் மோகனா" என்றான். கையில் கைப்பேசி இருந்தது. "ஷாமினி பேசுனதை ஒருத்தர் அனுப்பியிருந்தாரு, கேட்டேன். இலையில மருந்து இருக்குன்னு சொல்ல முடியாதுங்கறா. நீ அடிக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பின்ன ஏன் ஒத்துக்கிட்ட? ரெண்டு நாளா உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன், வாய் வரல."

மோகனா எழுந்து நின்றாள். அவளும் ஒளிக்கவில்லை.

"நீங்க அடிச்சீங்கன்னு நெனச்சேங்க. கொட்டகையில உங்க சட்டைக்குள்ள அந்தப் போத்தலைப் பாத்தேன். இலைக்குத்தான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அவன் கோபப்படுவான், 'என்னை அப்படியா நெனச்ச' என்று கத்துவான் என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

வசந்தன் கத்தவில்லை. மோட்டாரைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவியது.

"அதை எடுத்தது நீயா?" என்றான். "சனிக்கிழமை ராத்திரி முழுக்க அதைத்தான் தேடிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

 மோகனாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, "ஐயோ" என்று ஒரு சத்தம் அவள் வாயிலிருந்து வந்தது. வந்த கையோடு ஓடிப்போய் அவன் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். விட்டால் எங்கேயோ போய்விடுவான் என்பது போலப் பிடித்துக்கொண்டாள்.

ஷாமினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இலையில் மருந்து இருக்கிறதா இல்லையா என்றே இரண்டு நாளாகக் குடும்பமே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதை ஊரைக் கூட்டிப் பார்த்தாள். அண்ணி தப்பாகச் சந்தேகப்பட்டிருக்காவிட்டால், அந்தப் போத்தலைக் குழியில் தள்ளியிருக்காவிட்டால், இன்றைக்கு இந்த மனுஷன் இப்படி மோட்டாரிலிருந்து இறங்கி வந்திருப்பானா? 

இந்த நேரத்தில் சுற்றி வளைத்துப் பேசக்கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கிட்டே போனாள்.

"அண்ணா, உங்க உயிரை முடிச்சுக்கறதுக்கா அதை வச்சிருந்தீங்க?"

வசந்தன் மறுக்கவில்லை.

"வேற எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லம்மா. வேற இல்ல." கண் கலங்கிவிட்டது. "தங்கச்சி கேக்கற கேள்வியா இது? வெக்கமா இருக்கு ஷாமினி."

"எனக்குத்தான் வெக்கம். உங்க ரத்தத்துல என்ன குறைஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியும், அது குறைஞ்சா மனசுகூட இருண்டு போகலாம்னும் தெரியும். தெரிஞ்சும் ஒரு போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேக்கல. இன்னிக்கு நான் நீலாய் போகல. நாளைக்கு நாம மூணு பேரும் டாக்டர்கிட்ட போறோம்."

வசந்தன் தலையை அசைத்தான். மோகனா சட்டையை விடவே இல்லை.

"மருந்தும் ரத்தமும் மட்டும் இருந்தா நான் தாங்கியிருப்பேம்மா" என்றான் அவன். "ஜாகா வேலையைக்கூடத் தாங்கிட்டேன். அந்தக் கிளினிக்ல என்னோட சேத்து இன்னொருத்தனுக்கும் ரத்தம் எடுத்தாங்க. அவனுக்கு அளவு என்னைவிடக் குறைஞ்சிருந்துச்சு. மண்டோர்ங்கற முறையில என்கிட்டத்தான் சொன்னாங்க. நான் அவன்கிட்ட சொல்லல. என்னை நிறுத்துறதுக்கு முன்னாடி, வேலைக்கு ஆள் பத்தலைன்னு அவனை மறுநாளும் மருந்துக்கு அனுப்புனேன்."

மோகனாவின் பிடி தளர்ந்தது.

"யாரு அது?" என்றாள்.

வசந்தன் வெட்டிப்போட்ட கிளைகள்மேல் உட்கார்ந்தான். பக்கத்து லயத்து வீட்டு வரிசையின் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றான். "சொல்றேன்."